வண்டி சில நேரம் மட்டும் இழுப்பதில்லை: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

8 மார்ச் 2025, இரவு 9.50

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். 90 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பக்கம் ஓடியிருக்கிறது. சில நேரம் மட்டும் பிக்கப் செத்துப்போகிறது. மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டலாம் என்று ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தினால் ஒரு நொடி, இரண்டு நொடி வண்டி அப்படியே இருக்கிறது. அப்புறம் திடீரென்று பிடித்துத் தள்ளுகிறது. சில நாள் முழுக்க ஒன்றுமே இல்லை. செக் என்ஜின் விளக்கும் எரிவதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அவர்கள் ஓட்டும்போது வருவதில்லை. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குக் காற்று விடும் கதவு) கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இப்போது டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றலாம் என்கிறார்கள். ஏன் பம்ப் என்று கேட்டால், "இதுக்கு மேல அதுதான் சார் பாக்கி" என்று பதில். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

விட்டு விட்டு வரும் கோளாறை, அது வரும் நேரத்திலேயே பிடிப்பது எப்படி? இதைச் செய்து முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

9 மார்ச், காலை 7.15

மிதியை அழுத்தும்போது ஆர்பிஎம் முள் ஏறுகிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முள் விர்ரென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் என்ஜினில் குற்றமில்லை, கிளட்ச் ப்ளேட் வழுக்குகிறது. என் வண்டியில் முள்ளும் சேர்ந்தே நிற்கிறது. ஆக சக்தியே பிறக்கவில்லை.

9 மார்ச், மதியம் 1.30

குலுக்கல் இருக்கிறதா என்ற கேள்விக்கு: இல்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று சூடேறிப் படுத்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் விடுபடும், வண்டி உடம்பெல்லாம் நடுங்கும், பெரும்பாலும் செக் என்ஜின் விளக்கு மின்னவும் செய்யும். அப்படி விளக்கு மின்னினால் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். என் வண்டியில் நாலு சிலிண்டரும் ஒன்றாகத் தளர்கிற மாதிரிதான் இருக்கிறது. மிருதுவாகத் தளர்ந்து, மிருதுவில்லாமல் திரும்பி வருகிறது.

நாலுக்கும் பொதுவான விஷயம் எது? காற்று வரும் வழி, பெட்ரோல் வரும் வழி, மிதி, ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), இவை எல்லாவற்றுக்கும் கரண்ட் கொண்டுபோகும் ஒயர். தேட வேண்டிய இடம் ஏற்கெனவே பாதியாகக் குறைந்துவிட்டது. இதற்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.

11 மார்ச், இரவு 10.20

இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் வாங்கியாயிற்று. ஈசியூவில் இருக்கும் எண்களைப் போனில் ஒரு ஆப்புக்கு அனுப்பும் கருவி இது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும், அதில் சொருக வேண்டியதுதான். நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு ஓபிடி-2 என்ற இந்தச் சோதனை வசதி கட்டாயம். அதனால் அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்யலாம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்கிறேன். ஆப்பைத் திறந்ததும் முப்பது மீட்டர்களைத் திரையில் அடுக்க ஆசை வரும். வேண்டாம். மலிவு அடாப்டர் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்கி வரும். பட்டியல் நீண்டால் ஒவ்வொரு எண்ணும் சில நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். நம் கோளாறோ இரண்டு நொடிக் கோளாறு, இடைவெளியில் நழுவிவிடும். நான் ஐந்து மட்டும் வைத்திருக்கிறேன்: மிதி எவ்வளவு அழுந்தியது, த்ராட்டில் எவ்வளவு திறந்தது, மேனிஃபோல்டு பிரஷர் (உள்ளே போகும் காற்றின் அழுத்தம்), முன் ஓ2 சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது) வோல்ட், ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ அந்த நேரத்தில் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற எண்).

இந்த ஐந்துக்கும் காரணம் உண்டு. நான் கேட்டேனா (மிதி), கதவு திறந்ததா (த்ராட்டில்), காற்று வந்ததா (பிரஷர்), பெட்ரோல் வந்ததா (ஓ2, ட்ரிம்). இதில் எந்தப் படியில் அறுகிறது என்று தெரிந்தால் போதும்.

ஆப் தானாகவே ஃபைலில் பதிவு செய்துகொள்ளும். போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓட்டுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

12 மார்ச், இரவு 8.40

"எல்லாம் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) செய்கிற வேலை" என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இ20 மீது மனக்குறை உண்டு. 2014 வண்டி இ20-க்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் மைலேஜ் குறைவது உண்மை. பழைய ரப்பர் ஹோஸ், சீல் பற்றிய கவலையும் நியாயம்.

ஆனால் இந்தக் கோளாறோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் சரியாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கணக்குப் போட்டால் இ10-இலிருந்து இ20-க்கு மாறும்போது ஈசியூ சுமார் 4 சதவீதம் அதிகம் எரிபொருள் அடிக்க வேண்டியிருக்கும். ட்ரிம் அவ்வளவு ஏறி, அங்கேயே நிற்கும். காலையிலும் மாலையிலும், மேட்டிலும் சமத்திலும் ஒரே மாதிரி. செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி, புதன்கிழமை சிரித்துக்கொண்டு ஓட அதற்குத் தெரியாது.

மழைக்காலத்தில் பங்க் டேங்கில் தண்ணீர் இறங்கினால் கதை வேறு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் படியும், அதை நிரப்பிய வண்டி கண்டபடி திணறும். ஆனால் அந்த டேங்க் தீரும்வரை திணறும், பங்க்கை மாற்றினால் சரியாகும். நான் வேறு வேறு பங்க்கில் போட்டும் மாறவில்லை.

16 மார்ச், மாலை 6.10

பிடித்துவிட்டேன். கோளாறை இல்லை, அது வரும் கணத்தை.

காலையில் சேலத்திலிருந்து ஏற்காடு. டேங்கில் கால்வாசிக்கும் கீழே பெட்ரோல், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டிய பிறகு, இரண்டாவது கியரில் ஒரு வளைவை விட்டு வெளியே வந்து மிதித்தபோது படுத்தது. பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததால் அந்த இரண்டு நொடி நீண்டதாகத் தெரிந்தது. மேலே போய் நிறுத்தி ஃபைலைத் திறந்து பார்த்தேன்.

அந்த நேரத்தில் மிதி 81 சதவீதம். த்ராட்டிலும் கூடவே திறந்திருக்கிறது. மேனிஃபோல்டு பிரஷர் 88 கிலோபாஸ்கல், அந்த உயரத்துக்கு அது கிட்டத்தட்ட முழுக் காற்று. ஓ2 சென்சார் மட்டும் 0.07 வோல்ட்டில் செத்துக் கிடக்கிறது. அதற்கு முந்தைய வளைவில் இதே அழுத்தத்துக்கு 0.85 இருந்தது.

கேட்டேன், கதவு திறந்தது, காற்று வந்தது. பெட்ரோல் வரவில்லை.

16 மார்ச், இரவு 9.30

0.07 எப்படிப் பெட்ரோல் பஞ்சம் என்று கேட்டவருக்கு. பழைய வகை ஓ2 சென்சார் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் 0.1 பக்கம் இறங்கும், பெட்ரோல் தூக்கலாக இருந்தால் 0.8, 0.9 என்று ஏறும். சாதாரணமாக ஓட்டும்போது இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். மிதியை முழுக்க அழுத்தினால் ஈசியூ இந்த ஊசலை விட்டுவிட்டுத் தன் கணக்கில் பெட்ரோலைத் தூக்கலாக அடிக்கும். அப்போது 0.8-க்கு மேல் நிற்க வேண்டும். பளு ஏற்றி, மிதியை அழுத்தி, அப்போதும் 0.1-க்குக் கீழே என்றால் சிலிண்டருக்குள் காற்று போகிறது, அதற்கு ஈடான பெட்ரோல் போகவில்லை. சில வண்டிகளில் முன் சென்சார் ஏர்-ஃப்யூயல் வகை. அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, அங்கே ட்ரிம்மைத்தான் பார்க்க வேண்டும்.

மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுபடுவது) இருந்தாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து ஓ2 கீழே இறங்கும், அதனால் காயிலை ஒதுக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான எச்சரிக்கை. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நான் முடிவு கட்டவில்லை. படுப்பதற்கு முன் சில வளைவுகளாகவே ஷார்ட் டெர்ம் ட்ரிம் 8, 14, 19 என்று படிப்படியாக ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. குலுக்கலும் இல்லை. காயில் போனால் இப்படி நயமாகப் படியேறி வராது. பெட்ரோல் பிரஷர் மெல்ல மெல்ல இறங்க, ஈசியூ இன்ஜெக்டரை (பெட்ரோல் தெளிக்கும் மூக்கு) கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சமாளிக்கப் பார்க்க, கடைசியில் முடியாமல் போகிறது. அதுதான் அந்த எண்களில் தெரிகிறது.

17 மார்ச், காலை 6.50

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது. செக் என்ஜின் விளக்கு ஏன் எரியவில்லை?

இந்த மாதிரி, காற்று நுழையும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பிரஷரை அளக்க சென்சாரே கிடையாது. டேங்க்குக்குள் இருக்கும் ரெகுலேட்டர் 3 முதல் 4 பாருக்குள் ஒரு பிரஷரை நிலையாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஈசியூ இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. பிரஷர் இறங்கினால் அதற்கு நேரடியாகத் தெரியாது. புகையை முகர்ந்த ஓ2 சென்சார் சொல்லித்தான் தெரியும். பி0171 என்ற கோடு (பெட்ரோல் போதவில்லை என்பதற்கான கோளாறுக் குறியீடு) பதிவாக வேண்டுமானால் ட்ரிம் எல்லை தாண்டிப்போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும். விளக்கு எரிய, பெரும்பாலும் அடுத்த ஓட்டத்திலும் அது திரும்ப வர வேண்டும். இரண்டு நொடி வந்து போகிற கோளாறு இந்த வலையில் விழாது.

"ஸ்கேனர்ல ஒண்ணும் இல்லையே" என்றால் "வண்டியில் ஒன்றும் இல்லை" என்று அர்த்தமில்லை.

17 மார்ச், மாலை 7.00

மிதி சென்சார் பற்றி இவ்வளவு பேர் கேட்டிருப்பதால் தனியாக எழுதுகிறேன், என் வண்டியில் அது இல்லை என்றாலும்.

இப்போதைய மிதியில் கேபிள் கிடையாது. உள்ளே இரண்டு சென்சார் இருக்கும், பல வண்டிகளில் ஒன்றின் வோல்ட் இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ மிதியை நம்பாது, என்ஜினை அடக்கிவிடும், பி2138 மாதிரி கோடும் விழும். கார் தானாகப் பாய்கிறது என்ற புகாருக்காக அமெரிக்காவில் டொயோட்டா கார்களை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தபோது (அறிக்கை 2011-இல் வந்தது) சில மிதி சென்சார்களுக்குள் தகர உலோகத்தில் முடி மாதிரி மெல்லிய இழைகள் வளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். கார் தானாகப் பாய்வதற்கு எலக்ட்ரானிக்ஸ் காரணம் என்று அவர்கள் முடிவு சொல்லவில்லை. ஆனால் மிதிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம்.

பிரேக் சுவிட்சையும் பாருங்கள். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பிரேக்குக்கு முன்னுரிமை கொடுக்கும் வண்டிகள் உண்டு. சுவிட்ச் சிக்கிக்கொண்டு பிரேக் அழுந்தியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் வண்டி இழுக்காது. பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் விளக்கு அணைந்து எரிகிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். காசு செலவில்லை.

22 மார்ச், இரவு 10.00

கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

ஏற்காடு பதிவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். போனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய தடவைகளில் வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தது. "ரீசெட் பண்ணா ஸ்மூத் ஆயிடும் சார்."

பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் பெண்டிங் கோடு (விளக்கு எரியும் முன் பதிவாகிக் காத்திருக்கும் கோளாறுக் குறியீடு) அழியும், ஃப்ரீஸ் ஃப்ரேம் அழியும், ஈசியூ மாதக்கணக்கில் கற்றுவைத்த லாங் டெர்ம் ட்ரிம்மும் அழியும். கோளாறு வந்த கணத்தில் என்ன ஆர்பிஎம், என்ன சூடு, என்ன பளு என்று வண்டியே எழுதிவைத்த குறிப்பு ஃப்ரீஸ் ஃப்ரேம். படிக்காமல் அதை அழித்துவிட்டு, பிறகு ஊகத்தில் பாகம் மாற்றுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். வண்டியை விடும்போதே சொல்லுங்கள்: கோளாறுக் குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுக்காமல் எதையும் அழிக்க வேண்டாம். ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

30 மார்ச், மாலை 5.20

வேறு மெக்கானிக்கிடம் போனேன். இவர் பதிவைப் பொறுமையாகப் பார்த்தார். முதலில் டேங்க் மூடியைச் சந்தேகப்பட்டார். காற்று உள்ளே போகாமல் டேங்கில் வெற்றிடம் பிடித்தால் இதே மாதிரி வரும். படுக்கும்போது நிறுத்தி மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். திறந்து பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை.

பிறகு பிரஷர் கேஜை இணைத்து ஓட்டினார். ஐடிலில் (மிதிக்காமல் ஓடும்போது) 3.5 பார். மேட்டில் மிதித்தபோது 3, அப்புறம் 2.4 என்று இறங்கியது. ஆக பம்ப் மாட்யூல் மாற்றினோம். இந்தத் தடவை கையில் ஆதாரம் இருந்தது. பழைய பம்பின் அடியில் இருக்கும் வலைப்பையில் கறுப்பாக மெல்லிய வண்டல், ஆனால் அடைத்துக் கிடக்கவில்லை. அது ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது.

வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது.

19 ஏப்ரல், இரவு 11.05

திரும்பவும் வந்துவிட்டது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், தர்மபுரி போகிற வழியில். வெளியே நல்ல வெயில், டேங்கில் பெட்ரோல் கொஞ்சம். பதிவும் அப்படியே பழைய மாதிரி: காற்று முழுக்க, ஓ2 கீழே.

20 ஏப்ரல், காலை 8.00

புது பம்பே மோசமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பழைய பம்பும் புது பம்பும் ஒரே மாதிரி நோயில் விழுவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பம்ப் மாற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக ஓடியதற்கும் அதில் விடை இருக்க வேண்டும். பம்ப் மாற்றும்போது வேறு எதையெல்லாம் தொட்டார்கள்? டேங்க் மூடித் தட்டு, பெட்ரோல் பைப், கரண்ட் கப்ளர் (ஒயரைப் பம்போடு சேர்க்கும் இணைப்பு). கழற்றி மாட்டினாலே தற்காலிகமாகச் சரியாகிற பொருள் இந்த மூன்றில் கப்ளர்தான்.

பம்புக்கு கரண்ட் வருகிறதா என்று பம்ப் மாற்றிய அன்றே மெக்கானிக்கிடம் கேட்டிருந்தேன். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துக் காட்டினார், 12 வோல்ட் வந்தது. இப்போது யோசித்தால் அந்தச் சோதனை போதாது. பம்ப் ஓடும்போது என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

27 ஏப்ரல், மதியம் 2.45

ஒயரிங் வேலை மட்டும் செய்கிற அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வயது அறுபதுக்கு மேல், டிராக்டர், லாரி எல்லாம் பார்த்த கை. பதிவைக் காட்டினேன். "எண்ணெல்லாம் நமக்கு வேண்டாங்க தம்பி, வண்டிய நல்லா சூடு பண்ணிட்டு வாங்க" என்றார். ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்தேன்.

வெளியே நிழலில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவைத்துவிட்டு, பின் சீட்டைத் தூக்கி மூடித் தட்டைக் கழற்றினார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கப்ளர் மாட்டியபடியே இருக்கிறது. கறுப்பு ஒயர் போகும் ஓட்டையில் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அதில் மீட்டரின் ஒரு முனை. இன்னொரு முனை, நீள ஒயர் போட்டு, பேட்டரி நெகட்டிவில்.

நல்ல எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) என்றால் பூச்சியத்துக்குப் பக்கம் காட்ட வேண்டும். 2.6 வோல்ட் காட்டியது.

என்ஜினை அணைத்து, பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு கப்ளரைக் கழற்றினார். நாலு பின். மெலிதான இரண்டு மிதவைக்கு, தடித்த இரண்டு பம்புக்கு. கறுப்பு ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுப்பேறி, ஓரம் லேசாக உள்வாங்கியிருந்தது. உள்ளே இருக்கும் தகரவாய் பக்கத்தில் இருப்பதைவிட அகலமாகப் பிளந்து, பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம். ஒயரைக் கவ்விய கிரிம்ப்பில் செம்பு இழைகள் கறுத்துப்போய், நகத்தால் தொட்டதும் இரண்டு இழை உதிர்ந்தன.

"பம்ப மாத்துனவங்க வாய மாத்தலைங்களே தம்பி" என்றார்.

27 ஏப்ரல், இரவு 9.15

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படிப்பட்ட பம்ப் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 2.6 வோல்ட் இழப்பு என்றால் அந்தச் சின்ன இணைப்பில் அரை ஓம் தடை. அரை ஓம் மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தால் கண்ணுக்கே படாது, ஆனால் 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே 13 வாட் சூடு பிறக்கிறது, உளுந்தளவு தகரத்தில். சூடு ஏற ஏற வாய் தளர்கிறது, தளரத் தளரத் தடை ஏறுகிறது. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் பம்புக்குக் கிடைப்பது 11 பக்கம், ஏற்றத்தில் இன்னும் கீழே. பம்ப் வேகம் குறைகிறது, பிரஷர் விழுகிறது.

கப்ளரைக் கழற்றி அளந்தபோது முழு 12 வோல்ட் காட்டியது ஏன் என்று கேட்டவருக்கு: குழாயின் வாயை அடைத்துக்கொண்டு பிரஷர் பார்த்தால், வழியில் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தாலும் பிரஷர் முழுசாகத்தான் காட்டும். தண்ணீரைத் திறந்து விட்டால்தான் வண்டவாளம் தெரியும். கரண்டும் அப்படியே. ஓட்டம் இல்லாதபோது தடையில் இழப்பும் இல்லை.

இப்போது பழைய குறிப்புகளைத் திரும்பப் படித்தால் எல்லாம் வரிசையில் வந்து நிற்கிறது. டேங்கில் பெட்ரோல் குறைவு என்றால் பம்ப்பைக் குளிர்விக்கும் பெட்ரோலும் குறைவு, மேலே இருக்கும் கப்ளருக்கும் சூடு. வெயில் நாள் என்றால் இன்னும் சூடு. கிளம்பிய புதிதில் வராது, மேட்டில் வரும். கழற்றி மாட்டினால் உலோகம் உரசி, கொஞ்ச நாள் ஓடும். பம்ப் மாற்றியது வீண் என்று நான் நினைக்கவில்லை. பிரஷர் விழுந்தது உண்மை, அந்த வலைப்பையும் பழையது. ஆனால் பிரஷர் விழுகிறது என்று தெரிந்த பிறகு, பம்ப் தளர்ந்ததா அல்லது பம்புக்குச் சோறு போகவில்லையா என்று ஒரு படி கூடுதலாகக் கேட்க வேண்டும். மீட்டர் வைத்து இரண்டு பக்கமும் அளக்க ஐந்து நிமிடம். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது, எர்த் பக்கம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

28 ஏப்ரல், காலை 7.30

இரவில் எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இது முக்கியம். வீட்டில் செய்து பார்க்கப் போகிறேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். சீட்டுக்கு அடியில் இருப்பது பெட்ரோல் டேங்க். மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் மீட்டரைத் தொடவே வேண்டாம். கரண்ட் ஓடும்போது கப்ளரைப் பிடுங்காதீர்கள், பொறி பறக்கும். அங்கே சால்டரிங் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. அண்ணன் புது கப்ளரை ஒயரோடு வாங்கி, பேட்டரி கழற்றிய நிலையில், கிரிம்ப் போட்டுத்தான் சேர்த்தார். நெருப்பு இல்லாமல் ஒட்டும் ஸ்லீவால் மூடினார். பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கேட்கத் தெரிந்தால் போதும்: "பம்ப் ஓடும்போது எர்த் ட்ராப் எவ்வளவுண்ணே?"

கப்ளர் விலை கேட்டவருக்கு: சில நூறு ரூபாய்.

11 மே, மாலை 6.40

சரியானதற்கும் ஆதாரம் வேண்டும் என்று கேட்டவர் கேட்டது நியாயம். வேண்டுமென்றே கோளாறுக்குப் பிடித்த சூழ்நிலையை அமைத்துக்கொண்டு போனேன்: மதிய வெயில், டேங்கில் பெட்ரோல் குறைவு, ஏசி முழுக்க, நாலு பேர், ஏற்காடு. ஓ2 ஏற்றம் முழுக்க, மிதித்த இடத்திலெல்லாம் 0.83-க்குக் கீழே போகவில்லை. ட்ரிம் 3, 4, 2. மேலே போய் நிறுத்தி எர்த் ட்ராப் அளந்தேன்: 0.08 வோல்ட்.

மேலே போகப் போக வண்டி கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கிறது. அது வேறு. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட 13 சதவீதம் போலக் குறைவு, டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவு சக்தியை இழக்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று எண்ணி யாரும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம்.

12 மே, காலை 7.00

அடாப்டரைச் சொருகியே வைத்திருக்கலாமா? தினமும் ஓட்டாதவர்கள் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16-ஆவது முனையில் சாவி இல்லாதபோதும் பேட்டரி கரண்ட் இருக்கும். பழைய பேட்டரி என்றால் சில நாளில் படுக்க வைத்துவிடும்.

15 ஜூன், இரவு 9.00

டீசல் வண்டிக்கு இதே வழி பொருந்துமா என்று கேட்டவருக்கு. கேட்கும் முறை பொருந்தும், பார்க்கும் எண்கள் வேறு. காமன் ரெயில் டீசலில் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்) பிரஷருக்கு சென்சார் இருக்கிறது, அது உங்களுக்குப் பெரிய வசதி. ஈசியூ கேட்ட பிரஷர், உண்மையில் வந்த பிரஷர், இந்த இரண்டையும் டர்போ பூஸ்ட்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஐடிலில் 250, 300 பார் பக்கம் இருக்கும், முழுப் பளுவில் 1,600 பார்வரை போகிற வண்டிகள் உண்டு. கேட்டது ஏறி, வந்தது பின்தங்கினால் எரிபொருள் பக்கம். பி0087 விழவும் வாய்ப்பு அதிகம். ரெயில் சரியாக இருந்து பூஸ்ட் மட்டும் விழுந்தால் டர்போ ஹோஸ், பி0299. இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் கிழிசல் அங்கேதான்.

எரிபொருள் பக்கம் என்று வந்தால் பம்ப், இன்ஜெக்டர் என்று போகும் முன் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடித்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் டேங்க்குக்குள் பம்ப் இல்லாமல், முன்னாலிருந்து உறிஞ்சுகிற அமைப்பாக இருந்தால் ஃபில்டர் ஹவுசிங் ஓ-ரிங்கையும் ஹோஸ் கிளிப்பையும் சந்தேகப்படுங்கள். அந்த வழியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், தரையில் ஒரு துளி கறைகூட இருக்காது. ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற ஹோஸை ஒரு சாண் நீளத்துக்கு மாட்டச் சொல்லி, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். பதிவு ஃபைலைப் போட்டால் நானும் பார்க்கிறேன்.